அவர் சாப்பிட்டதாக எழுதியவை

ஜூலை 25, செவ்வாய்

இந்த நோட்டை இன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். கொடுத்தவள் ஹுவே லிங் என்கிற சீனப் பெண், சாப்பாட்டு ஆலோசனை சொல்கிறவள். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். என் வீட்டுக்காரர் தினமும் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்று நான் இதில் எழுத வேண்டுமாம். அவருக்கு நாக்கில் புற்று. ஆகஸ்டு 21 ஆபரேஷன். இன்றைக்கு எடை ஐம்பத்தாறு கிலோ. ஐம்பத்து நாலுக்குக் கீழே இறங்கினால் உடம்பு தாங்காது, தேதியைத் தள்ளிப்போட வேண்டி வரும், இது தள்ளிப்போடுகிற நோய் இல்லை என்று மூன்று தடவை சொன்னாள். என் இங்கிலீஷை நம்பாமல் கையாலும் காட்டினாள். தமிழிலேயே எழுதலாம், படித்துச் சொல்ல நர்ஸ் இருக்கிறாராம்.

ஒரு பக்கத்துக்கு நாலு கட்டம் போட்டிருக்கிறது. காலை, மதியம், மாலை, இரவு. அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற வாயா எனக்கு? அதனால் முன்பக்கத்திலிருந்து அவருடைய சாப்பாடு, பின்பக்கத்திலிருந்து என்னுடைய புலம்பல் என்று பிரித்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "பாதி நாக்கா முழு நாக்கான்னு தெறந்து பாத்தாத்தான் தெரியுமாம் வேணி" என்றார். பேசாமல் வாங்க என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

ஜூலை 26, புதன்

டாக்சியைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு வந்தார். இருபத்தெட்டு வருஷம் இந்தச் சிங்கப்பூரைச் சுற்றியவர், தோ பாயோ ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தார்.

நான் கஞ்சியைக் குழைய வடித்து, பருப்பைக் கடைந்து, நெய் ஊற்றி வைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நாளையிலேர்ந்து வெளிய சாப்புடுவோம்" என்றார்.

"டாக்டர் காரம் வேணாம்னு சொல்லிருக்காரு."

"நாக்கு இருக்குற வரைக்கும்தான வேணி. இந்த ஊர்ல எங்க என்ன நல்லாருக்கும்னு என்னைய விட எவனுக்குத் தெரியும்? ஏர்போர்ட்ல ஏறுறவன் கேக்குற மொத கேள்வியே அதான். எத்தன பேருக்குச் சொல்லிருப்பேன்."

எல்லோருக்கும் சொன்னார், சரி. எனக்குச் சொன்னதில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கல்யாண வீடு, கோயில், கீழே காப்பிக்கடையில் பராட்டா, இதைத் தாண்டி நான் வெளியே சாப்பிட்டதை விரல் விட்டு எண்ணலாம். நாள் முழுக்க வெளியே தின்றுவிட்டு வருகிற மனுஷனுக்கு வீட்டில் ரசம் வேண்டும். நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டார்கள். நானும் வாய் திறந்து கேட்டதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 27, வியாழன்

சாங்கி வில்லேஜ். நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறு, பொரித்த கோழி இறக்கை, நெத்திலி, முட்டை, மேலே சிவப்பாக மிளகாய்ச் சம்பல். மேசையில் டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு இடம்பிடித்து என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு அவரே வரிசையில் நின்று இரண்டு தட்டு வாங்கி வந்தார்.

கோழி இறக்கையை என் தட்டில் வைத்தார். எலும்பு அவருக்கு ஆகாதாம். நெத்திலியையும் தள்ளினார், குத்துகிறதாம். முட்டையைத் தின்றார். சோற்றில் பாதிக்கு மேல் என் பக்கம் வந்துவிட்டது. எனக்கென்ன, தின்றேன். நான் ஆக்கியிருந்தால் தேங்காய்ப்பாலை இவ்வளவு தாராளமாக விட மனசு வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். எவ்வளவு என்று எழுதுவது?

"வாங்குனத எழுது. மிச்சம் வச்சதெல்லாம் எழுதுனா அந்தப் பொண்ணு பயந்துரும்" என்றார்.

நாசி லெமாக், ஒரு தட்டு.

ஜூலை 28, வெள்ளி

மழை. கீழே பராட்டா. அவர் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிட்டார். ஒன்று அவர், மூன்று நான். அவருக்கு இரண்டு என்று எழுதினேன்.

ஜூலை 30, ஞாயிறு

கேலாங் சராய் மார்க்கெட், மாடியில். சோற்றுக்கு மேல் மாட்டுக்கறி ரெண்டாங் வேண்டாம் என்று எனக்காகச் சொல்லி, புளியும் காரமுமாக மீன் அசாம் பெடாஸ், பலாக்காய், வறுத்த தேங்காய் எல்லாம் வைத்து வாங்கினார். கடைக்கார மலாய் அம்மாவுக்கு இவரைத் தெரிந்திருக்கிறது. மலாயில் என்னவோ கேட்டார். இவர் சிரித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க கேட்டாங்க?"

"பொண்டாட்டியா? இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தன்னு கேக்குது."

தூணோரமாக ஒரு மேசையைக் காட்டினார். ராத்திரி வண்டி ஓட்டிய காலத்தில் அங்கேதான் உட்காருவாராம். வண்டியை நிறுத்தின இடத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் விட முடியாது, அதனால் எதையும் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவாராம். "இன்னைக்கு ஒரு மணி நேரமா உக்காந்துருக்கேன் பாரு" என்று பெருமையாகச் சொன்னார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது உண்மைதான். அந்தப் பத்து நிமிஷத்தில் தின்றதைக்கூட இன்று தின்னவில்லை.

இந்த ஊரின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. என் புருஷனோடு என்னைவிட அதிக வேளை சாப்பிட்டிருக்கிறது.

ஆகஸ்டு 1, செவ்வாய்

எடை மெஷின் ஒன்று வாங்கலாமா என்று கேட்டேன். எதுக்கு, ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களே என்றார். நான் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்டு 4, வெள்ளி

காத்தோங்கில் லக்சா, தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ். நூடுல்ஸைத் துண்டு துண்டாக வெட்டித்தான் போடுகிறார்கள், கரண்டி மட்டும் போதும். மெல்ல வேண்டியதில்லை என்று யோசித்துத்தான் அழைத்துப் போயிருக்கிறார். ஆனாலும் முதல் வாயிலேயே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. காரமா என்று கேட்டால், "நாக்கு மரத்துப் போச்சு, காரமே தெரியல" என்கிறார். காரம் தெரியாதவருக்கு எதற்கு இரண்டு டம்ளர் ஐஸ் தண்ணீர்?

என் ஜாக்கெட் எல்லாம் கையில் பிடிக்கிறது. மூன்று ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தேன். அவர் பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போடச் சொன்னார். ஆணியைச் சுட்டுப் போட்டுக் கொடுத்தேன். பழைய பெல்ட், தோல் நீண்டுகொடுத்திருக்கும்.

ஆகஸ்டு 6, ஞாயிறு

டெக்கா மார்க்கெட்டில் பிரியாணி. கூட்டம். ஒரு தட்டு என்று எழுதினேன்.

ஆகஸ்டு 9, புதன்

தேசிய தினம். பகலில் விமானங்கள் வீட்டுக்கு மேலே போயின. ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் ஹொக்கியென் மீ, இறால் போட்டு வறுத்த நூடுல்ஸ். இதில் என்ன கொழுப்பு போடுகிறார்கள் என்று கேட்டேன். கேட்காமல் சாப்பிடு என்றார்.

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. முன்பக்கத்தில் ‘ஹொக்கியென் மீ, ஒரு தட்டு, முழுசாக’ என்று எழுதினேன்.

ஆகஸ்டு 12, சனி

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. இந்த ஊருக்கு வந்து கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டது இன்றைக்குத்தான். திருக்கையைச் சம்பல் தடவி வாழையிலையில் சுட்டு, இலையோடு கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் ஊரில் திருக்கை என்றால் பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு. அதை இப்படியும் தின்னலாம் என்று அம்பத்து நாலு வயதில் தெரிந்துகொள்கிறேன். முள்ளெலும்பைப் பிரிக்கத் தெரியாமல் கையெல்லாம் சம்பல். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து, "அந்த ஓரத்த எடு, அதான் ருசி. அங்க இல்ல, இந்தப் பக்கம்" என்று டாக்சிக்கு வழி சொல்வது போலவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கரும்புச்சாறு குடித்தார்.

பஸ்ஸில் வரும்போது நானே கேட்டேன், நாளைக்கு எங்கே என்று. திரும்பிப் பார்த்தார். "முப்பத்தொரு வருசத்துல மொதத் தடவையா நீ என்னையக் கேக்குற" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிச் சுற்றினதில்லை. பிள்ளை இல்லை என்று ஆனபிறகு அவர் வண்டியோடும் நான் அடுப்போடும் இருந்துவிட்டோம். காலையில் எழுந்தால் இப்போது எந்தப் புடவை என்று யோசிக்கிறேன். இந்த மாதிரி நேரத்தில் இப்படி எழுதக்கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஆகஸ்டு 15, செவ்வாய்

வெளியே போகவில்லை. சோயாப்பாலில் செய்த தௌ ஹுவே வாங்கி வந்தேன், தயிரைவிட மெத்தென்று இருக்கும். நாலு கரண்டி. வாஷ் பேசினில் ரத்தம் இருந்தது. பல் விளக்கும்போது பட்டிருக்கும் என்றார்.

நாளை மறுநாள் ஆஸ்பத்திரி.

ஆகஸ்டு 17, வியாழன்

ஐம்பது கிலோ எண்ணூறு கிராம்.

ஹுவே லிங் அவரை இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். அதே எடைதான். நர்ஸ் நோட்டை வாங்கி முன்பக்கத்திலிருந்து வாசித்தார். நாசி லெமாக் ஒரு தட்டு. அசாம் பெடாஸ், சோறு. லக்சா ஒன்று. பிரியாணி ஒரு தட்டு. ஹொக்கியென் மீ, முழுசாக. வாசிக்க வாசிக்க அந்தப் பெண் ஒரு தாளில் கணக்குப் போட்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, இவ்வளவு சாப்பிட்டும் ஐந்து கிலோ இறங்குகிறது என்றால் நோய் வேறெங்காவது பரவியிருக்கலாம் என்று டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சுவரில் இருந்த பழங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

21ஆம் தேதி இல்லை என்று ஆகிவிட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். ஐம்பத்து நாலு வந்த பிறகு வேறு தேதி. அதற்கு முன்னால் ஸ்கேன்.

ஆகஸ்டு 18, வெள்ளி

தூக்கமில்லை. எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் தேதி ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் நான் மிளகாய் வாங்க எழுந்து போனேன். திரும்பி வரும்போது, அவர் வாயில் இருந்ததை டிஷ்யூவில் துப்பி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். இன்னொரு வாய் எடுத்தார். அதையும் துப்பினார். பிறகு தன் தட்டில் இருந்ததை அள்ளி என் தட்டில் போட்டு, நான் பாதி தின்றது மாதிரி முள்கரண்டியால் கலைத்துவிட்டார். நான் தூண் மறைவில் நின்று, அவர் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. அந்தத் தட்டையும் தின்றேன்.

சட்டையைத் துவைக்கும்போது பையில் ஐந்து பொட்டலம் இருந்தது.

அன்றே ஹுவே லிங்குக்கு ஒரு போன் செய்திருந்தால் எட்டு நாள் மிச்சம். அவள் நம்பர் நோட்டின் அட்டையில் இருக்கிறது. சொன்னால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். குழாயைப் போட்டு வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அதோடு ஊர் சுற்றுவது நின்றுவிடும். பன்னிரண்டாம் தேதி கடற்கரைக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார். எனக்குப் போக வேண்டும் என்று இருந்தது.

அவ்வளவுதான். அதற்காகத்தான் முழுசாக என்று எழுதினேன்.

ஆகஸ்டு 21, திங்கள்

இன்றைக்கு ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய நாள். குழாயில் பால், இருநூறு மில்லி, ஆறு தடவை. ஊற்றியதைத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்டு 24, வியாழன்

ஹுவே லிங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்கேனுக்குள் இருந்தார். இங்கிலீஷ் வரவில்லை, நான் தமிழில் சொல்ல, நர்ஸ் மாற்றிச் சொன்னார். அந்தத் தட்டுகளைத் தின்றது நான்தான் என்று சொன்னபோது நர்ஸ், நீங்களா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் மாற்றிச் சொன்னார்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி, நான் எதற்கு இருக்கிறேன் என்றாள். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இவள் வயதுதான் இருக்கும்.

செப்டம்பர் 6, புதன்

எடை ஐம்பத்து மூன்று. பிரயோசனமில்லை. கழுத்தின் மறுபக்கத்திலும் நுரையீரலிலும் வந்துவிட்டதாம். ஆபரேஷன் கிடையாது.

அவர் டாய்லெட் போனபோது டாக்டரிடம் கேட்டேன், 21ஆம் தேதி செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. அப்போதே உள்ளுக்குள் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், தெரியாது என்றார். இல்லை அம்மா, உங்களால் இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷர். நான் கேட்டது அதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. யாருக்காகச் சமைப்பது?

செப்டம்பர் 7, வியாழன்

பால் ஆறு தடவை. பேசினால் குழறுகிறது. "நீ சாப்டியா" என்று மட்டும் தெளிவாகக் கேட்கிறார். சாப்பிட்டேன் என்றேன். பொய்.

செப்டம்பர் 10, ஞாயிறு

நான் மூன்று நாளாக டீயில் ஓட்டுவதைக் கண்டுபிடித்துவிட்டார். மதியம் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. எங்கே என்று கேட்டால், "மாக்ஸ்வெல்" என்றார். இந்தக் கோலத்தில் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லச் செருப்பை மாட்டிவிட்டார். கைப்பையில் பால் டின்னையும் ஊசிக்குழலையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாக்ஸ்வெல் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள், அது ஒரு புண்ணியம். இவர் போய் வரிசையில் நிற்க, இவர் கையை அசைத்துக் காட்டியதைப் புரிந்துகொண்டு, கடைக்காரரே சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவந்தார். மீன் சூப், அதில் அரிசி நூடுல்ஸ். ஒரே ஒரு கிண்ணம். இந்தத் தடவை இரண்டாக வாங்கவில்லை.

எனக்கு இறங்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா? எட கொறஞ்சா வெட்ட மாட்டாங்கன்னு?"

தலையை ஆட்டினார், இல்லை என்று. பிறகு பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் எடுத்தது. நான் குனிந்து கேட்டேன்.

"மொத நாள் சாங்கியிலயே முழுங்க முடியல. அன்னைக்கே சொல்லணும்னுதான் நெனச்சேன். நீ அந்தக் கோழியக் கையில எடுத்து, இது எப்புடிங்க இவ்ளோ மொறுமொறுன்னு இருக்குன்னு கேட்ட. சரி, நாளைக்குச் சொல்லுவோம்னு விட்டுட்டேன். மறுநாளும் அப்டித்தான். நீ சாப்புடுறத நான் பாத்ததே இல்ல வேணி. எப்பவும் எனக்குப் போட்டுட்டு, நான் போனப்பொறந்தான சாப்புடுவ."

நான் ஒன்பதாம் தேதியைப் பற்றிச் சொன்னேன். தூண் மறைவில் நின்றதைச் சொன்னேன். கடற்கரைக்குப் போக ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டதைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், பக்கத்து மேசைக்காரர்கள் கிளம்பிப் போனார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆறிடும்" என்றார்.

சாப்பிட்டேன். மீன் புதிது, சூப்பில் இஞ்சியும் தக்காளியும் தெரிந்தன. தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் சூடாக இறங்கியது. நல்லாருக்கா என்று கண்ணாலேயே கேட்டார். நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் நன்றாக இருந்தது. இந்த ஊரில் நான் தின்றதிலேயே அதுதான் நன்றாக இருந்தது.

"நல்லாருக்குங்க" என்றேன். நான் கடைசி வாயை விழுங்குகிற வரைக்கும் அவர் கண்ணை எடுக்கவில்லை.